திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம்: கூட்டு வண்டிப் பயணத்தின் கடைசிக் கட்டத்தை வன்னிக்குள்ளால் எப்படி அமைப்பது?

கேள்வி: ஓமந்தைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் உறவினர்கள் ஒன்றுசேர்ந்து, ஐந்து வாகனங்களில் இலங்கையைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறோம். வாடகைக்கு எடுத்த இரண்டு கேம்பர் வான்கள், படுக்கைகளும் சமையல் மேடையும் கழிப்பறையும் பொருத்திய ஒரு ரோசா பஸ், ஒரு சாதாரண வான், சாமான்கள் ஏற்றிய ஒரு டபிள் கப் பிக்கப் என்பவை அந்த ஐந்தும். கொழும்பில் தொடங்கித் தெற்குக் கரையால் வந்து, அறுகம்பையும் மட்டக்களப்பும் கடந்து, இப்போது திருகோணமலையில் நிற்கிறோம். எஞ்சியிருப்பது வன்னி. நல்லூர்த் தேருக்கு முதல் நாள் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே மனம். அதற்கு இன்னும் சில நாட்கள் கையில் உண்டு.

எந்த வழியால் போவது என்பதில்தான் மனம் ஒன்றுபடவில்லை. இளையவர்கள் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா போய், ஏ9 வீதியில் ஏறி, ஒரே ஓட்டத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அம்மாவும் பெரியம்மாவும் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை, வற்றாப்பளை, முல்லைத்தீவு பார்த்து, புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனில் ஏற வேண்டும் என்கிறார்கள். மாமா ஒருவர் மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் போய் மேற்குக் கரையால் பூநகரிக்கு வர விரும்புகிறார். நீண்ட நாட்கள் ஒரே வண்டிக்குள் இருந்ததால் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறோம். சிறிய பேச்சும் பெரிதாக மாறுகிறது. நான் ஓமந்தையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஊரை விட்டுப் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த வன்னி, கிரவல் வீதிகளின் வன்னி.

வழி எது, இரவில் எங்கே வண்டிகளை நிறுத்துவது, குளக்கட்டுகளிலோ காட்டோரத்திலோ தங்கலாமா, பஸ்ஸின் கழிப்பறைத் தொட்டியை எங்கே வெறுமையாக்குவது என்பவற்றை அங்கேயே வாழ்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: முல்லை வான்காரர்

தம்பி, நான் முள்ளியவளையைச் சேர்ந்தவன். முல்லைத்தீவுக்கும் கொழும்புக்கும் இடையே வான் ஓடுவதே என் தொழில். உங்கள் இளையவர்கள் சொல்லும் ஒரே நாள் ஓட்டத்தை நான் ஏற்கமாட்டேன். ஏ9 இன்று நல்ல வீதி, நேரான வீதி. வவுனியா கடந்தவுடன் ஊருக்குள் வந்துவிட்டோம் என்ற எண்ணம் ஓட்டுநருக்குத் தானாகவே வந்துவிடும், கால் அமுக்கத் தொடங்கிவிடும். பல நாட்களாகச் சில்லுப் பிடித்து வந்த ஒருவருக்குக் களைப்பு நித்திரையாக வருவதில்லை. முன்னால் மாடு ஒன்று திரும்புவதைக் கண்டும் கால் பிறேக்குக்குப் போகச் சுணங்குவதாகவே வரும். இந்தக் காலத்தில் சோளகக் காற்றும் உண்டு. இயக்கச்சிக்குத் தெற்கே ஆனையிறவு வெளியில் மரமோ வீடோ மறைப்பதற்கு இல்லை. பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு உங்கள் ரோசாவைப் போன்ற உயரமான வண்டி அசையும், அதன் கூரையில் சாமான் கட்டியிருந்தால் இன்னும் அசையும். அந்த இடத்தைக் களைத்த கையோடு பின்னேரத்தில் கடப்பதற்கும், காற்று எழும்ப முன்னர் காலையில் கடப்பதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு.

நான் சொல்லும் வழி, உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் சொல்லும் வழிதான். முதல் நாள் திருகோணமலையிலிருந்து வவுனியா வரை மட்டும் ஓடுங்கள். மத்தியானத்துக்கு முன்னர் வவுனியாவில் நின்றால், ரயர் கடைகளும் கராஜ்களும் திறந்திருக்கும் நேரத்தில் ஐந்து வண்டிகளையும் பார்த்துவிடலாம். அங்கிருந்து வடக்கே போகப் போக அந்த வசதி குறைந்துகொண்டே போகும். சில்லு நட்டுகள், பிறேக், பொதுவாக எல்லோரும் மறந்துவிடும் மேலதிகச் சில்லின் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். அதன்பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் இறங்கி, புறங்கையை ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே பிடித்துப் பார்க்கட்டும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால், அங்கே பிறேக் இறுகியிருக்கிறது அல்லது பெயரிங் போகப்போகிறது என்று பொருள். அந்த வண்டியை அதற்கு அப்பால் ஓட்டாதீர்கள்.

அடுத்த நாள் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று வந்து, மாங்குளத்தில் உடனே திரும்பாமல் முறிகண்டி வரை போய் வாருங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் கடந்தால் உங்கள் பெரியம்மாவுக்கு மனம் ஆறாது, எனக்கும்தான். கச்சானும் வாங்கிக்கொண்டு மாங்குளத்துக்குத் திரும்பி, முல்லைத்தீவு வீதியில் இறங்குங்கள். ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வீதி அது. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீச்சரத்தை வணங்கிவிட்டு முள்ளியவளைக்கு வந்தால் மாலை நான்கு மணிக்கு முன்னர் வண்டிகள் நின்றுவிடும். அந்த நான்கு மணியை நீங்கள் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையே இரு பக்கமும் காடு. கோடையில் காட்டுக்குள் மோட்டைகள் எனப்படும் சிறு நீர்க்குட்டைகள் வற்றியவுடன் யானைகள் பொழுதுசாயும் நேரத்தில் குளங்களை நோக்கி வீதியைக் கடக்கும். ஒரு வண்டியில் போகிறவர் யானையைக் கண்டால் நிறுத்திப் பின்னுக்கு எடுத்துவிடுவார். ஐந்து வண்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போனால் முதல் வண்டிக்குப் பின்னுக்கு வர இடமே இருக்காது. இரண்டு வண்டிகளுக்கு இடையே நூறு மீற்றராவது விடுங்கள். யானை நின்றால் கோண் அடிக்கவேண்டாம், லைற்றை விட்டுவிட்டு அடிக்கவேண்டாம், படம் எடுக்க எவரும் இறங்கவேண்டாம். அது போகும் வரை நில்லுங்கள். அதற்கு அரை மணி நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும்.

ஒரு நாள் முழுவதும் ஓட்டமே இல்லாமல் முள்ளியவளையிலும் வற்றாப்பளையிலும் தங்குங்கள். அந்த ஓய்வு நாளை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவேண்டாம். பிறகு காலையில் புறப்பட்டு, புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம் வழியாகப் பரந்தனில் ஏறி யாழ்ப்பாணம் போகலாம். சிறுபோக அறுவடை தொடங்கியிருந்தால் வீதியோரத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால் நெல்லின் மேல் ஏற்றாமல், நின்று வழிவிட்டுப் போங்கள். அது அந்தக் குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பு.

பதில்: தருமபுரத்தாள்

ஓமந்தை அண்ணாவுக்கு வணக்கம். நான் கண்ணிவெடி அகற்றும் பணியில் பல காலம் இருந்தவள். வான்காரர் ஐயா சொன்ன வழி நல்லது. காட்டோரத்தில் தங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன்.

தங்கவேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை 2002ஆம் ஆண்டுச் சமாதான காலத்திலேயே தொடங்கி, போர் முடிந்த பின்னர் பெருமளவில் நடந்து, மிகப் பெரும்பாலான நிலம் மக்களிடம் திரும்பியிருக்கிறது. 2017 டிசெம்பரில் இலங்கை, ஆட்களுக்கு எதிரான கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆனாலும் வேலை முழுதாக முடிந்துவிட்டது என்று எண்ணி, அறியாத காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. மக்கள் குடியிருக்கும் இடம், பயிர் செய்யும் இடம், நாள்தோறும் மாடு மேய்க்கும் இடம் ஆகியவற்றில் மட்டுமே நில்லுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையையும், தலைப்பகுதியில் சிவப்பு பூசிய தடிகளையும் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. வெள்ளை பூசிய தடி, துப்புரவு செய்த பக்கத்தைக் காட்டுவது. உங்கள் பிள்ளைகளில் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பலகைகள் புதினமாக இருக்கலாம். பக்கத்தில் நின்று படம் எடுக்கப் போவார்கள். புறப்படும் முன்னரே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மண்ணில் கிடக்கும் எந்த இரும்புத் துண்டையும் நினைவுப் பொருளாக எடுக்கக்கூடாது. எடுக்காமல், தொடாமல், அந்த இடத்தை ஊரவர்களுக்கோ பொலிசுக்கோ சொல்ல வேண்டும்.

பலர் யோசிக்காத இன்னொரு விடயம் நெருப்பு. வளவில் குப்பை கொளுத்தும்போது, மண்ணுக்குள் யாரும் அறியாமல் கிடந்த வெடிபொருள் சூட்டில் வெடித்த சம்பவங்கள் எங்கள் பகுதியில் நடந்திருக்கின்றன. இரவில் எல்லோரும் வட்டமாக இருந்து நெருப்பு மூட்டுவது உங்கள் பயணத்தில் வழக்கமாகியிருக்கலாம். வன்னிக்குள் வெறுந்தரையில் நெருப்பு மூட்டாதீர்கள். காஸ் அடுப்பில் சமையுங்கள். விறகு வேண்டுமானால், ஊர்வீட்டு முற்றத்தில் நாள்தோறும் எரியும் அடுப்பைக் கேட்டு வாங்கிச் சமையுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள்.

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் நோக்கிப் போகும்போது வட்டுவாகலையும் முள்ளிவாய்க்காலையும் கடப்பீர்கள். நந்திக்கடல் ஓரம் காற்றோட்டமான இடம் என்று கதிரைகளைப் போட்டு, பாட்டுப் போட்டுச் சாப்பிடவேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் அந்த மணலில் தங்கள் ஆட்களை விட்டுவிட்டு வந்தவர்கள் அதே வீதியோரத்தில் இன்று கடை வைத்திருக்கிறார்கள், பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி, அமைதியாக நின்றுவிட்டுப் போகலாம். அதை எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள். வட்டுவாகல் பாலம் நெடுங்காலமாக ஒடுங்கியதும் தாழ்ந்ததுமான பாலம். புதிய பாலத்துக்கான வேலை 2025இல் தொடங்கப்பட்டது. ஆகவே உங்கள் பஸ்ஸுக்கு அன்றைய நாளில் எந்தப் பக்கத்தால் வழி என்பதை முல்லைத்தீவு நகரில் கேட்டறிந்து இறங்குங்கள்.

பதில்: எட்மன்டன் மாங்குளத்தான்

நான் மாங்குளத்தில் படித்து வளர்ந்து, இப்போது கனடாவில் எட்மன்டனில் இருக்கிறேன். வன்னி வீதிகளைப் பற்றி மேலே எழுதியவர்களைவிட எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் கூட்டமாக வீட்டு வண்டிகளில் நெடும்பயணம் போய் அதன் கடைசிக் கட்டத்தைக் கடந்த பட்டறிவு உண்டு; அதனால் எழுதுகிறேன்.

அலாஸ்கா நெடுஞ்சாலை என்பது 1942இல், போர்க்காலத்தில், அமெரிக்க இராணுவம் சில மாதங்களில் வெட்டிய வழி. கனடாவில் டோசன் கிறீக்கில் தொடங்கி, வைற்ஹோர்ஸ் ஊடாக அலாஸ்காவின் டெல்ற்றா ஜங்சன் வரை இன்றைய அளவில் ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் நீளம். நாங்கள் அதில் போய்த் திரும்பி வரும்போது, யூக்கொன் பகுதியில் பீவர் கிறீக்குக்கும் டிஸ்றக்சன் பேக்கும் இடையே நிலத்தடியில் நிரந்தரமாக உறைந்திருக்கும் மண் இளகுவதால் தார் வீதி அலையலையாக மேடும் பள்ளமுமாக இருந்தது. அந்த இடத்தில் எல்லோரும் மிகக் கவனமாக ஓட்டினார்கள். பாத்திரங்கள் கூட அசையாமல் ஊர்ந்து வந்தோம். வட்சன் லேக் கடந்து போர்ட் நெல்சனை நோக்கி இறங்கும்போது வீதி நன்றாகிவிடுகிறது, வீடு நெருங்குகிறது. அவசரமும் அங்கேதான் தொடங்குகிறது. அதே துண்டில், லியார்ட் ஆற்றுப் பக்கத்தில், பைசன் என்னும் காட்டெருதுகள் கூட்டமாக வீதிக்கு வரும். கரிய உடம்பு, கரிய வீதி. இரவில் வெளிச்சம் அதன் மேல் விழும்போது வண்டி அதற்கு மிக அருகே போய்விடும். அதனால் எங்கள் கூட்டம் பொழுது இருக்கும்போதே லியார்ட் வெந்நீர் ஊற்றடியில் நின்றுவிட்டது. வான்காரர் அண்ணா சொல்லும் நான்கு மணிக் கணக்கை நான் முழு மனதோடு ஏற்பதற்குக் காரணம் இதுவே.

அங்கே இத்தகைய கூட்டுப் பயணங்களில் இரண்டு பொறுப்புகள் கட்டாயம். முன்னால் போகும் வண்டி வழியையும் நிறுத்தங்களையும் தீர்மானிக்கும். கடைசி வண்டி திருத்தக் கருவிகள் உள்ள பெட்டியோடு வரும். நின்றுபோன எவரையும் அது கடந்து போகாது. உங்கள் டபிள் கப்பைக் கடைசியில் விடுங்கள், இயந்திரம் தெரிந்தவர் அதில் இருக்கட்டும். ரோசாவை முன்னுக்கு விடுங்கள், ஏனென்றால் மிக மெதுவான வண்டியின் வேகமே முழுக் கூட்டத்தின் வேகமாக இருக்க வேண்டும். காட்டுத் துண்டுகளில் தொலைபேசி சிக்னல் விட்டுவிட்டு வரும். எனவே அடுத்த சந்திப்பு இடத்தை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிப் புறப்படுங்கள்: மாங்குளம் சந்தி, ஒட்டுசுட்டான் கோயிலடி, பரந்தன் சந்தி என்று.

பணக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். எரிபொருள், சாப்பாடு, வாடகை என்று பலர் பலவற்றுக்குக் கொடுத்திருப்பீர்கள். அதை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். அங்கே ஒவ்வொருவரையும் கூட்டிப் போக ஒவ்வொரு வீட்டார் வந்து நிற்பார்கள். அவசரத்தில் முடிக்கும் கணக்கு மனக்கசப்பில் முடியும். நாங்கள் வைற்ஹோர்ஸில், இன்னும் நெடுந்தூரம் சேர்ந்து ஓட வேண்டியிருந்த நேரத்திலேயே, கொப்பியை விரித்துக் கணக்கைத் தீர்த்துவிட்டோம். அதன் பிறகு வந்த நாட்களே எங்கள் பயணத்தில் மிகவும் மகிழ்ச்சியானவை. உங்களுக்கு முள்ளியவளை ஓய்வு நாள் அதற்கு ஏற்றது.

பதில்: குளக்கட்டு

நீர்ப்பாசன வேலையோடு தொடர்புடையவன் என்ற முறையில் குளத்தைப் பற்றியும் கழிவைப் பற்றியும் எழுதுகிறேன்.

குளக்கட்டின் மேல் உங்கள் வண்டிகளை ஏற்றவேண்டாம். கட்டு என்பது மண்ணை அடுக்கி இறுக்கிய அணை. அதன் மேலுள்ள பாதை, மேற்பார்வைக்கும் ஊரவரின் போக்குவரத்துக்கும் உரியது. ஐந்து வண்டிகள் இரவு முழுவதும் நிற்கவும், தண்ணீர் ஊற்றவும், கூடார முளை அடிக்கவும் ஏற்ற இடம் அது இல்லை. கனகராயன் ஆற்றின் இரணைமடுவானாலும், பேராற்றின் முத்தையன்கட்டானாலும், சிறிய ஊர்க்குளமானாலும் இதுவே முறை. குளிக்க ஆசைப்பட்டால் ஊரவர் குளிக்கும் துறையைக் கேட்டுப் போங்கள். குளத்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசின் அடியில் ஒருபோதும் இறங்கக்கூடாது. துருசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அசையாதது போலத் தெரியும். கீழே இழுவை ஆளையே கொண்டுபோகும். முதலைகளும் உண்டு. கோடையில் நீர் வற்றி அலைகரை வெளித்தெரியும்போது, அந்தச் சேறு காய்ந்ததுபோலத் தோன்றினாலும் வண்டியைத் தாங்காது.

கழிப்பறைத் தொட்டிக்கு வருகிறேன். கேம்பர் வான்களில் இருப்பது பெரும்பாலும் கழற்றி எடுக்கக்கூடிய, 20 லீற்றர் அளவிலான சிறிய பெட்டியாக இருக்கும். அதைத் தங்கும் வீட்டாரின் அனுமதியோடு அவர்களது கழிப்பறையில் ஊற்றிக் கழுவலாம். ஆனால் அதற்குள் நீல நிற மருந்துத் திரவம் விடுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அந்த மருந்துகளில் சில நுண்ணுயிர்களைக் கொல்பவை. வீட்டு மலக்குழி வேலை செய்வதே நுண்ணுயிர்களால்தான்; அவை செத்தால் குழி நிரம்பி நாறும், நீங்கள் போன பிறகு அந்த வீட்டார் துன்பப்படுவார்கள். திருகோணமலையிலேயே மருந்தை நிறுத்திவிட்டு, வன்னிக்குள் வெறும் தண்ணீரோடு பாவியுங்கள், நாள்தோறும் வெறுமையாக்குங்கள்.

ரோசாவின் தொட்டி பெரிதாக இருக்கும். அதற்கு மலக்கழிவு உறிஞ்சும் பவுசர்தான் வழி. அதை உள்ளூராட்சி சபையில் பணம் கட்டிப் பதிவு செய்யலாம். வவுனியாவில் வண்டிகளைப் பார்க்கும் நாளில் அதையும் முடித்துவிட்டு, முல்லைத்தீவுப் பக்கம் வரும்போது பஸ்ஸின் கழிப்பறையைப் பூட்டிவிடுங்கள். முள்ளியவளை தொடக்கம் கரை வரை மணல் நிலம், கிணறுகள் ஆழம் குறைந்தவை. வெட்டிப் புதைத்தாலும் வாய்க்காலில் திறந்துவிட்டாலும் அது நேரே ஒருவருடைய குடிதண்ணீருக்கே போகும். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளி, தென்னை வாழை நிற்கும் பக்கம் ஊற்றலாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

குடிதண்ணீருக்கு, ஆர்ஓ எனப்படும் சவ்வு வடிகட்டல் முறையில் சுத்திகரித்து விற்கும் இடங்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பல இடங்களில் உண்டு. வன்னிக் கிணற்று நீரில் பல இடங்களில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் அதையே வாங்கிக் குடிப்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் வண்டித் தாங்கியைக் குளிப்புக்கும் கழுவலுக்கும் ஒதுக்கி, குடிதண்ணீரைக் கான்களில் தனியாக வையுங்கள்.

ஓமந்தைக்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை நேற்று இரவு எல்லோரையும் இருத்தி உரக்க வாசித்தேன். இளையவர்கள் நான்கு மணிக் கட்டுப்பாட்டையும் ஓய்வு நாளையும் ஏற்றுக்கொண்டார்கள். கணக்கை முள்ளியவளையில் தீர்ப்பதென்றும் முடிவாகிவிட்டது. முறிகண்டிக்குப் போய்த் திரும்பலாம் என்றவுடன் பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் இன்னும் மடு மனதில் நிற்கிறது. எல்லோரும் கிழக்கால் போக, அவர் மட்டும் வானை எடுத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து மடு, மன்னார், பூநகரி வழியாக வந்து யாழ்ப்பாணத்தில் சேரலாமா? முள்ளியவளையில் தங்குவதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: பூநகரி ஆசிரியர்

உங்கள் மாமாவின் ஆசை நியாயமானது. நான் மேற்குக் கரை வீதியின் பக்கமே நிற்பவன். முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கேரதீவுக்கு வந்து, அங்கிருந்து சங்குப்பிட்டிக்குக் கடலைக் கடக்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்ட பிறகு மன்னாரிலிருந்து நேரே யாழ்ப்பாணம் போகலாம். பாலத்தின் மேல் இருபுறமும் நீர், மாலையில் நாரைகளும் கொக்குகளும் என்று மனதை நிறைக்கும் வழி அது.

ஆயினும் ஒற்றை வண்டியாக, அதுவும் பயணத்தின் கடைசியில், அவரைத் தனியே அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். மன்னாருக்கும் பூநகரிக்கும் இடையே நீண்ட தூரம் ஆளரவம் குறைவு, கராஜ் குறைவு, எரிபொருளை மன்னாரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இரவில் மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும். எட்மன்டன் நண்பர் எழுதிய காட்டெருதுகளின் ஆபத்து எங்கள் வீதியில் வீட்டு மாடுகளால் உண்டு. மடுத் திருவிழா ஓகஸ்ட் 15. அந்த நாட்களை ஒட்டி நீங்கள் வந்தால் வீதியில் நெரிசலும் இருக்கும். என் யோசனை இது: தேர் முடிந்து களைப்பாறிய பிறகு, மாமா தனக்குப் பிடித்த இரண்டு பேரோடு யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கும் மடுவுக்கும் போகட்டும். மடு மாதாவை அவசரத்தில் கும்பிட்டுவிட்டு ஓடுவதைவிட அது நல்லது. மடு வளாகத்தில் குடும்பத்தோடு தங்கி நிற்பது காலங்காலமாக யாத்திரிகர்களின் வழக்கம். அவரும் ஒரு நாள் நிற்கட்டும்.

பதில்: முல்லை வான்காரர்

ஆசிரியர் சொல்வதே சரி; கூட்டத்தைப் பிரிக்கவேண்டாம்.

தங்கும் இடத்துக்கு, தம்பி, முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். எத்தனை பேர், எத்தனை வண்டி, எத்தனை இரவு என்று சொல்லி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கடவுச்சீட்டுப் பிரதியையும் கையில் வைத்திருங்கள். கோயில் வளவில் நிற்பதானால் அந்தக் கோயில் நிருவாகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். மரக்கறிச் சமையல் மட்டும்தான் அங்கே. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் வற்றாப்பளையில் தங்கிப் போகிறார்கள். ஆகவே வெளியூர்க் கூட்டம் வந்து தங்குவது எங்கள் மக்களுக்குப் புதிதில்லை. அரிசியும் மரக்கறியும் முள்ளியவளைக் கடைகளிலேயே வாங்குங்கள். தண்ணீரூற்றுப் பக்கத்துக் கடைகளில் காலையில் நல்ல மரக்கறி வரும்.

கடைசி நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், பரந்தனில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, காற்று பலக்க முன்னர் ஆனையிறவைக் கடந்துவிடுவீர்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். ரோசாவையும் கேம்பர் வான்களையும் நல்லூருக்குள் கொண்டுபோக முயலாமல், நகரத்துக்கு வெளியே உறவினர் வளவு ஒன்றில் முன்கூட்டியே இடம் ஒழுங்கு செய்து நிறுத்திவிட்டு, ஓட்டோவிலோ நடந்தோ கோயிலுக்குப் போங்கள். வாடகை வண்டிகளைத் திருப்பிக் கொடுப்பதைத் தேர் நாளில் வைத்துக்கொள்ளவேண்டாம். அடுத்த நாள் தீர்த்தமும் முடியட்டும். முள்ளியவளைக்கு வரும் நாளை இங்கே எழுதிவிடுங்கள், கிராம அலுவலரிடம் உங்களோடு நானும் வருகிறேன்.